யாழினியா, அபிராமியா? யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்குழந்தைக்குப் பெயர் தேடுகையில்

பெண்குழந்தை பிறந்த வீட்டில் 31ஆம் நாள் துடக்கு (தீட்டு) கழிவதற்கு முன்பே பெயர் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிடும். பிள்ளையின் நட்சத்திரம் கார்த்திகை முதற்பாதமென்றால் 'அ', கேட்டை இரண்டாம் பாதமென்றால் 'யா' என்று சாத்திரியார் எழுத்தைச் சொல்லிவிடுவார். எழுத்துக்கு அப்பால் தெரிவு பெற்றோருடையது. அவ்வாறு எதிரெதிரே நிற்கும் பெயர்கள் இரண்டையும், பேத்தியாரின் (பாட்டியின்) காலத்துப் பெயரொன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

யாழினி என்ற பெயரின் வேர் மிகப் பழையது. சங்கப் பாணர் கையிலிருந்த யாழும், கானல்வரியில் மாதவியும் கோவலனும் மாறிமாறி மீட்டிய யாழும், யாழ்ப்பாண வைபவமாலை கூறும் கதையில் மணற்றிடலை, அதாவது இன்றைய யாழ்ப்பாணத்தை, பரிசாகப் பெற்ற பாணனின் யாழும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வழக்கொழிந்த அக்கருவியின் இலக்கணத்தை மீட்டெடுக்க விபுலாநந்த அடிகள் இயற்றிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. வேர் அத்தனை பழையதாயினும் பெயர் இளையது. வேதாசலம் மறைமலை அடிகளாக மாறிய தனித்தமிழ் அலைக்குப் பின்னர் பரவிய பெயர் வகையையே இதுவும் சார்ந்தது. 'யாழ்போல் இனியவள்' என்று பொருள் சொல்வோர் பலர். எனக்கோ அதன் ஈறு மாலினி, பத்மினி, நளினி ஆகிய வடமொழிப் பெயர்களின் சாயலில் ஒலிக்கிறது. தூய தமிழ்ப் பெயர் என்று பெருமைப்படுவோர் இதைக் கேட்டுக் கோபிக்கக்கூடும்.

அபிராமி இதற்கு நேர்மாறு. மனத்துக்கு இனியது, அழகியது என்று பொருள்படும் 'அபிராம' என்னும் வடசொல்லிலிருந்து வந்தாலும், தமிழ்நாட்டுத் திருக்கடையூர் அம்பிகையின் பெயராகத் தமிழ் நாவில் நெடுங்காலம் புழங்கிய பெயர் அது. அபிராமி பட்டர் பாடிய அந்தாதியின் நூறு பாடல்களும் இங்குள்ள அம்மன் கோவில்களிலும் வீட்டுச் சாமியறைகளிலும் ஓதப்படுவதால், கோவில் கடலுக்கு அப்பால் இருந்தும் பெயர் அந்நியமாகத் தோன்றுவதில்லை. குறை ஒன்றுதான்: கூப்பிடும்போது அது 'அபி' என்று குறுகிவிடும். அபிநயா, அபிலாஷா, அபிஷா எல்லோரும் அதே 'அபி'களாகையால், வகுப்பறையில் ஒருத்தியை அழைத்தால் இருவர் திரும்புவர்.

நாகபூசணி என்பது நாகத்தை அணியாகப் பூண்டவள் என்று பொருள்படும் நயினாதீவு அம்மனின் பெயர். குறிகட்டுவானில் படகேறி நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளைக்கு முன்னர் விரும்பி இட்ட இப்பெயரை இன்றைய இளந்தாய்மார் நீளமென்று ஒதுக்குகின்றனர். பூசணி என்ற பாதியைப் பள்ளிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

ஒலிப்பில் யாழினிக்குச் சிக்கல் உண்டு. ழகரத்தை ளகரமாக ஒலிப்பது எங்கள் பேச்சில் பரவலாகையால், அவள் பெரும்பாலும் 'யாளினி' ஆகிவிடுவாள். ஆங்கில எழுத்தில் இன்னும் குழப்பம்: 'எல்' மட்டும் இடுவோர், 'இசட் எச்' இடுவோர், ஊர்ப்பெயரைப் பின்பற்றி 'ஆர் எல்' சேர்ப்போர் என மூவகையினர் உள்ளனர். கனடாவிலோ பிரான்சிலோ வளரப்போகும் பிள்ளைக்கு, எந்த நாவிலும் பெரிதும் சிதையாத அபிராமியே வசதி. ஊரிலேயே வளரும் பிள்ளைக்கு நான் யாழினியைத்தான் சொல்வேன். அம்மனின் பெயர் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொருந்தும், யாழின் பெயரோ இந்த ஊருக்கே தனி உறவுடையது. ஆனால் பிறப்பைப் பதிவதற்குரிய 42 நாட்களுக்குள், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதைத் தாயும் தகப்பனும் ஒருமித்து முடிவுசெய்துவிட வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் கடவுச்சீட்டில் வேறொன்றுமாக எழுத்து மாறினால், பிற்காலத்தில் சத்தியக் கடதாசியோடு அலையப்போவது அந்தப் பிள்ளைதான்.