வெஸ்ட்ஃபாலியா வேனின் எழும்பும் கூரை: எந்தப் பெயின்ட் தாங்கும்?

ஃபோக்ஸ்வாகன் டி3 கேம்பர் வேனை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்றாவது ஒருநாள் கூரையைப் பார்த்துத் தலையைச் சொறிவார்கள். அமெரிக்காவில் வானகன் என்ற பெயரில் 1991 வரை விற்ற வண்டி இது. படுக்கை, அடுப்பு, எழும்பும் கூரை எல்லாம் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் செய்து கொடுத்தவை. கூரைக்குப் பின்பக்கம் கீல். முன்பக்கத்தைக் கையால் தள்ளினால் மேலே எழும், உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். ஓட்டுநர் தலைக்கு மேல் தனியாக ஒரு சாமான் தட்டு.

இரண்டுமே ஃபைபர் கிளாஸ். மேலே பளபளப்பது ஜெல் கோட், அதாவது நிறம் கலந்த பாலியஸ்டர் ரெசின். முப்பது, நாற்பது வருட வெயிலில் அது சுண்ணாம்பு பூத்துவிடும். உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டு வரும்.

தூள் வந்தால் உடனே பெயின்ட் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு மூலையில் கையகல இடத்தை 1000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, 2000-க்குப் போய், பிறகு ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பாருங்கள். பளபளப்பு திரும்பி வந்தால் ஜெல் கோட்டில் இன்னும் கனம் இருக்கிறது. மெருகேற்றி, வாக்ஸ் பூசி, பெயின்ட் யோசனையைத் தள்ளி வையுங்கள். தேய்க்கத் தேய்க்க அடியில் கருத்த நிழலோ நார் இழையோ தெரிந்தால்தான் பெயின்ட் கட்டாயம்.

அப்படி முடிவானவர்கள் இப்போது முதலில் கேட்பது பெட்லைனர். லாரித் தொட்டிக்குள் அடிக்கிற சொரசொரப்பான பூச்சு. ராப்டர் என்ற பிராண்ட் பெயர் நிறையப் பேருக்குத் தெரியும். மூன்று பங்கு பூச்சுக்கு ஒரு பங்கு ஹார்ட்னர், அதாவது பூச்சை இறுகவைக்கும் திரவம் கலந்து, பாட்டிலிலேயே துப்பாக்கியை மாட்டி அடித்துவிடலாம். மேடு பள்ளங்களை மறைக்கும், சுரண்டல் தாங்கும், பட்டி பார்க்கிற வேலை பாதியாகக் குறையும். கவர்ச்சி புரிகிறது. ஆனாலும் எழும்பும் கூரைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காரணம், கூரைக்கு வரும் அடி வேறு மாதிரியானது. லாரித் தொட்டியில் இரும்பு உரசும். கூரையின் மேல் விழுவது வெயில், பனி, மரப்பிசின், பறவை எச்சம். சொரசொரப்பில் இவையெல்லாம் இடுக்குக்குள் புகுந்துகொள்ளும், துணியால் துடைத்தால் துணிதான் கிழியும். கனமும் கூடும். சோலார் பலகை ஏற்கெனவே மேலே இருந்தால், தினமும் கையால் தூக்குகிற கூரையில் கூடுகிற ஒவ்வொரு கிலோவும் தோளுக்குத் தெரியும். ரப்பர் சீல் உட்காரும் விளிம்பில் இந்தப் பூச்சு இருந்தால் சீல் சரியாகப் படியாது, மழையில் தண்ணீர் உள்ளே வர அந்த இடைவெளி போதும்.

இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் கறுப்பு நிறம். ராப்டரில் வேறு நிறமும் கலக்கலாம், ஆனால் பலர் எடுப்பது கறுப்பு. கோடை மதியத்தில் கறுப்புக் கூரையில் கை வைக்க முடியாது. அதற்கு நேர் கீழேதான் படுக்கை! ஃபைபர் கிளாஸுக்கும் அந்தச் சூடு நல்லதல்ல, அடியில் இருக்கும் நார்ப் பின்னல் மெல்ல மேலே தடம் காட்டத் தொடங்கும். படகு கட்டுபவர்கள் கரும் நிறத்துக்குத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்லைனருக்குச் சரியான இடம் அந்த முன் சாமான் தட்டு. பெட்டியும் கேனும் இழுபடுவது அங்கேதான். அங்கே தாராளமாக அடியுங்கள், அதுவும் வெளிர் சாம்பலில்.

கூரைக்கு என்றால் உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்: கார் பட்டறையில் அடிக்கும் டூ-கே பெயின்ட், படகுக்கு அடிக்கும் மரைன் பெயின்ட்.

டூ-கே என்பது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பாலியூரிதேன். அதிலும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு தேவைப்படாத ஒற்றைப் பூச்சு வகையைத்தான் சொல்கிறேன். நிறத்துக்கு மேல் தனியாகக் கிளியர் அடிக்கும் முறை மெட்டாலிக் நிறங்களுக்குத் தேவை. வெள்ளைக் கூரைக்கு அது வீண் செலவு. வெயிலில் கிளியர் உரிய ஆரம்பித்தால் ஒட்டுப்போட முடியாது, மொத்தமாகத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். ஒற்றைப் பூச்சு மங்கினால் காம்பவுண்ட் போட்டு மீட்கலாம். நீடிப்பதிலும் பளபளப்பிலும் இதற்குத்தான் முதலிடம்.

ஆனால் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடிய பொருள். வாசனை வந்து எச்சரிக்கும் என்று நம்ப முடியாது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி இல்லாமல் வீட்டுக் கராஜில் அடிப்பது ஆபத்து. ராப்டரின் ஹார்ட்னருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆக, டூ-கே வேண்டுமென்றால் காசு கொடுத்துப் பட்டறையில் விடுங்கள்.

நீங்களே அடிப்பதாக இருந்தால் ஹார்ட்னர் கலக்காத மரைன் பெயின்ட். அமெரிக்காவில் இன்டர்லக்ஸ் பிரைட்சைட், ஐரோப்பாவில் இன்டர்நேஷனல் டாப்லாக் போன்றவை. ஒருவர் ஃபோம் ரோலரால் மெல்லியதாக உருட்டிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னாலேயே நல்ல பிரஷ் நுனியால் லேசாகத் தடவி குமிழிகளை உடைக்க வேண்டும். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டை சேர வேண்டும், இல்லையென்றால் கோடு விழும். கவனமாகச் செய்தால் நாலடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஸ்பிரே வேலை போலவே இருக்கும். நேர் வெயிலில் அடிக்கக் கூடாது, சாயங்காலப் பனி இறங்குவதற்குள் மேல்பரப்பு காய்ந்திருக்கவும் வேண்டும். ஈரம் பட்டால் பளபளப்பு செத்துவிடும்.

டூ-கே அளவுக்கு இது உழைக்காது. ஆனால் கிளை உரசிய இடத்தை உப்புத்தாள் போட்டு அன்றே மறுபடி அடிக்கலாம், சில வருடம் கழித்து மேலே இன்னொரு கோட்டும் போகலாம். பழைய வேனை நெடுநாள் வைத்திருக்க நினைப்பவருக்கு இந்த வசதி பெரிது, என் ஓட்டு இதற்குத்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இதன் மேல் பின்னாளில் டூ-கே அடித்தால் அதன் கரைப்பான் கீழ்ப் பூச்சைச் சுருட்டிக் கிளப்பிவிடும். அப்போது எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

புதிதாக ஜெல் கோட்டே அடிக்கலாமே என்பவர்களுக்கு: அது அச்சுக்குள் அடிப்பதற்கான பொருள். வெளியிலிருந்து அடித்தால் காற்றுப் பட்ட பக்கம் பிசுபிசுக்கும், கடைசிக் கோட்டில் வாக்ஸ் கலக்க வேண்டும், அப்புறம் நாள் கணக்கில் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் முன்வேலை ஒன்றுதான். வாக்ஸையும் சிலிக்கோனையும் தின்னர் வகைக் கரைப்பானால் துடைத்த பிறகே உப்புத்தாளைத் தொடுங்கள், இல்லாவிட்டால் தேய்க்கத் தேய்க்க அழுக்கு உள்ளே இறங்கி, பெயின்ட் மீன்கண் மாதிரி வட்டவட்டமாக விலகும். நட்சத்திர வடிவ வெடிப்புகளை மேலோடு பட்டி வைத்து மூடாமல், வெடிப்பை வி வடிவில் தோண்டி எபாக்ஸியால் நிரப்புங்கள். ஃபைபர் தூசு தோலில் அரிக்கும், நுரையீரலுக்கும் கெடுதல், முகமூடியும் முழுக்கை சட்டையும் வேண்டும். கூரை எழும்பும்போது சுற்றிலும் விரியும் கூடாரத் துணியை நன்றாக மூடி டேப் ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் கூரையை அவசரப்பட்டு இறக்கித் தாழ் போட வேண்டாம். தொட்டால் காய்ந்தது போலத் தெரியும் பெயின்ட் உள்ளே இன்னும் இறுகாமலே இருக்கும், ரப்பர் சீல் அதில் ஒட்டிக்கொண்டு அடுத்த முறை தூக்கும்போது விளிம்போடு உரித்து எடுத்துவிடும்.