பழைய நாட்டார் கற்சிற்பம்: கருங்கல்லா, மணற்கல்லா?

பழைய நாட்டார் கற்சிற்பம் ஒன்று வாங்கலாம் என்று இறங்கியதில், கடைசியில் என் முன்னால் இருந்தவை இரண்டு. மணற்கல்லில் ஒரு பெண் உருவம், கருங்கல்லில் புடைப்புச் சிற்பமாக ஒரு குதிரை வீரன். இரண்டையும் செய்தவர் யாரென்று தெரியாது. நான் கருங்கல்லை எடுத்தேன், இன்று மறுபடி கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

அழகு என்று பார்த்தால் மணற்கல்தான் முதலில் கண்ணை இழுக்கும். உளிக்கு இணங்கும் கல், அதனால் கண்ணிமை, சடைப் பின்னல், சேலை மடிப்பு எல்லாம் அதில் வந்துவிடும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 7, இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பார் 6. கையால் கொத்திக் கொத்தித்தான் உருவத்தை வெளியே எடுக்க வேண்டும். என்னிடம் இருப்பதில் குதிரையின் கால்களுக்கு நடுவே உள்ள கல்லைச் சிற்பி அகற்றவே இல்லை, கடிவாளம் ஒரே ஒரு ஆழமான கோடு, வீரனின் கண் இரண்டு குழிகள், அவ்வளவுதான். எது வேண்டும், எது வேண்டாம் என்று அந்த மனிதர் எடுத்த முடிவு ஒவ்வொரு அங்குலத்திலும் தெரிகிறது. எனக்கு நாட்டார் கலை பிடிப்பதே இதனால்தான். நுணுக்கம்தான் முக்கியம் என்பவர்களுக்கு மணற்கல் பிடிக்கும், அதில் தப்பில்லை.

எடையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை. கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ, மணற்கல் பத்துக் கிலோ குறைவாக இருக்கலாம். எதை எடுத்தாலும் தூக்க ஆள் வேண்டும், தரை தாங்க வேண்டும்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இன்னும் நேராகச் சொன்னால், தண்ணீர். மணற்கல் என்பது மணல் துகள்கள் ஒட்டிக்கொண்டு உருவான கல், அதனால் உள்ளே நுண்துளைகள் நிறைய. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் சிறிது நேரத்தில் உறிஞ்சிவிடும், கருங்கல்லில் அந்தச் சொட்டு அப்படியே நிற்கும் (மெழுகோ வார்னிஷோ பூசியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்). உறிஞ்சிய தண்ணீர் காய்ந்து போனால் பிரச்சினை முடிந்தது என்று நினைப்போம், ஆனால் மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் அது கொண்டுவந்த உப்பு உள்ளேயே தங்கிவிடும், தங்கிய உப்பு படிகமாகி வளரும்போது மேல்தோலை உள்ளிருந்து தள்ளும், ஈரமாவதும் காய்வதுமாக மாறி மாறி வரும் இடத்தில் இது ஓயாமல் நடக்கும். நான் பார்த்த பெண் உருவத்தின் கழுத்தருகே விரலால் லேசாகத் தடவியதும் மணல் உதிர்ந்தது, தாடைக்குக் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. போதாததற்கு யாரோ முழங்கையைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார்கள். சிமெண்ட் அந்தக் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது, தன்னிடம் உள்ள உப்பையும் கல்லுக்குள் அனுப்பும். ஒட்டிய இடத்தைச் சுற்றித்தான் பொருக்கு அதிகமாக எழுந்திருந்தது.

இப்படி உதிர ஆரம்பித்த சிற்பத்தைக் காப்பாற்ற வழி உண்டு. உப்பை மெல்ல வெளியே இழுக்க வேண்டும், தளர்ந்த இடங்களைக் கெட்டிப்படுத்த வேண்டும். இரண்டுமே கல் பாதுகாப்பு தெரிந்தவர் செய்யும் வேலை, நாமே பிரஷ்ஷும் சோப்பும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூக்கு போய்விடும். கருங்கல்லுக்கு இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை. மென்மையான பிரஷ், சுத்தமான தண்ணீர், நிழலில் உலர்த்துவது, இவ்வளவுதான் நான் செய்வது. கம்பி பிரஷ், ஆசிட், பிரஷர் வாஷர், எண்ணெய் எதுவும் கிட்டே போகக் கூடாது. காலத்தால் வந்த மேல்நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் சிற்பத்தின் வயதுக்கான சாட்சியும் போகும், விற்கும்போது மதிப்பும் போகும்.

கருங்கல்லில் ஒரு சங்கடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது மெதுவாகத் தேய்வதால் நிஜமாகவே பழையதும் புதிதுபோல் தெரியலாம், அதனால் போன வருஷம் செய்ததைப் பழசு என்று விற்பது சுலபம். வெயில் மழையில் நின்ற கல்லில் மேடான இடங்கள் அதிகம் மழுங்கியிருக்கும், பள்ளங்களில் உளித் தடம் கூர்மையாக மிஞ்சியிருக்கும். எல்லா இடமும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: கல் அறுக்கும் மின்கருவியான கிரைண்டர் பட்ட இடத்தில் ஒரே அளவான, வளைந்த கோடுகள் வரிசையாகத் தெரியும், கை உளியின் தடத்தில் அந்த ஒழுங்கு இருக்காது.

மாக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் நான் வைத்துப் பழகாதவை, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். மாக்கல் நகம் பட்டாலே கீறும் அளவுக்கு மென்மை, சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் புளிப்பான எதுவும் பட்டால் அரிக்கும், இது இரண்டும் நிச்சயம்.

எந்தக் கல்லானாலும் கைமாறிய வரலாற்றைக் காகிதத்தில் கேளுங்கள். திருட்டுக் கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது 1970இல், அருங்காட்சியகங்கள் பலவும் அந்த ஆண்டைத்தான் எல்லைக்கோடாக வைத்துப் பார்க்கின்றன. கோயிலிலிருந்தோ கல்லறையிலிருந்தோ பெயர்த்ததாகத் தோன்றினால், அடிப்பாகத்தில் புதிதாக உடைத்த வெட்டுத் தெரிந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், மணற்கல்தான் வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிட்டதா? வீட்டுக்குள் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டாமல், தரையில் நேரடியாக நிற்காமல், அடியில் ஈரம் ஏறாத தகடு ஒன்று கொடுத்து. வாங்கிய அன்றே நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, அவ்வப்போது பீடத்தில் மணல் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் போகாமல், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.