வேலையும் ஓய்வும் ஒரே பயணத்தில்: எங்கே தங்குவது?

வேலைக்குப் போன ஊரிலேயே கூட இரண்டு நாள் தங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் முன் மூன்று வழிகள் உண்டு: நகர மையத்து வணிக ஹோட்டல், ஊருக்கு வெளியே உள்ள ரிசார்ட், சமையலறையுடன் கூடிய சர்வீஸ் அபார்ட்மென்ட். இப்படிப்பட்ட பயணத்துக்கு என் ஓட்டு பெரும்பாலும் முதலாவதற்குத்தான்.

நட்சத்திரங்களை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர அளவுகோல் கிடையாது. சில நாடுகளில் அரசு தருகிறது, சில நாடுகளில் ஹோட்டல் சங்கங்கள் தருகின்றன. லிஃப்ட் உண்டா, இரவிலும் வரவேற்பு மேசை இயங்குமா என்று கணக்கெடுப்பார்கள். அந்த அறையில் நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று கணக்கெடுப்பது அரிது.

வாடகையைப் பாருங்கள். வணிக ஹோட்டல் வேலை நாட்களில் நிரம்பியிருக்கும். வார இறுதியில் ஆள் குறையும், வாடகையும் இறங்கும். ரிசார்ட்டில் நேர்மாறு. உங்கள் வேலை வாரக் கடைசியில் முடிகிறது என்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறாமல் அதே அறையில் குறைந்த வாடகையில் தொடரலாம். கூட்டம் இல்லாததால், தாமதமாகக் காலி செய்யவும் எளிதில் சம்மதிப்பார்கள். மாநாடோ பெரிய விளையாட்டுப் போட்டியோ நடக்கும் வாரத்தில் மட்டும் இந்தக் கணக்கு பலிக்காது.

அறைக்குள் வந்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். ரிசார்ட் அறையில் பெரும்பாலும் ஒரு குட்டை வட்ட மேசையும் ஆழமான சோபாவும்தான் இருக்கும். அதில் குனிந்தபடி ஒரு மணி நேரம் லேப்டாப்பில் வேலை பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். சார்ஜருக்கான பிளக் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். நல்ல வணிக ஹோட்டலில் சரியான உயரத்தில் மேசை, கை எட்டும் இடத்தில் பிளக், முதுகைத் தாங்கும் நாற்காலி என்று எல்லாம் இருக்கும். ஆனால் அறைகளைப் புதுப்பிக்கும்போது மேசையையே எடுத்துவிட்ட ஹோட்டல்களும் உண்டு. எனவே முன்பதிவுக்கு முன் அறையின் படத்தில் மேசை இருக்கிறதா என்று பாருங்கள். லிஃப்ட்டுக்குத் தள்ளி, பக்கத்து அறைக்கு இடைக்கதவு இல்லாத அறையாகக் கேளுங்கள். இடைக்கதவு வழியாக அடுத்தவரின் தொலைபேசிப் பேச்சு முழுவதும் காதில் விழும்.

பில் விஷயத்திலும் வணிக ஹோட்டல் கைகொடுக்கும். அலுவலகம் கொடுக்கும் இரவுகளுக்கு ஒன்று, சொந்தச் செலவுக்கு ஒன்று என இரண்டு பில் வேண்டும் என்று வந்து இறங்கும்போதே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது அன்றாட வேலை. அலுவலகச் சலுகை வாடகை சொந்த நாட்களுக்கும் பொருந்துமா என்றும் கேளுங்கள். சில ரிசார்ட்டுகள் வாடகைக்கு மேல் தினசரிக் கட்டாயக் கட்டணமும் வாங்கும். அமெரிக்காவில் 2025 மே மாதம் முதல் அதையும் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் விளம்பரத்தில் காட்ட வேண்டும். அப்படி விதி இல்லாத இடங்களில் நீங்கள்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். பல ஹோட்டல்களில் முன்பணமாக உங்கள் அட்டையில் ஒரு தொகையையும் நிறுத்திவைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால், காலி செய்த பிறகும் சில நாட்கள் அந்தப் பணம் கைக்கு வராது.

சர்வீஸ் அபார்ட்மென்ட் நெடுநாள் தங்கலுக்கு என்றே பிறந்த வகை. ஜாக் டிபோயர் என்பவர் 1975ல் அமெரிக்காவின் விசிட்டா நகரில் தொடங்கிய ‘ரெசிடென்ஸ் இன்’ என்ற ஹோட்டல் தொடர் இதன் முன்னோடிகளில் ஒன்று. 1987ல் மாரியட் ஹோட்டல் நிறுவனம் அதை வாங்கியது. வாரக்கணக்கில் வேலை, கூடவே குழந்தைகள் என்றால் துணி துவைக்கும் இயந்திரமும் தனிப் படுக்கையறையும் பெரிய வரம். இரண்டு மூன்று இரவுகளுக்கு அது வீண். பல இடங்களில் தினமும் சுத்தம் செய்ய வரமாட்டார்கள். நள்ளிரவில் போய் இறங்கினால் சாவி தர ஆள் இருப்பாரா என்று முன்பே விசாரிக்க வேண்டும்.

வேலைக் கூட்டமே ரிசார்ட்டில் நடக்கிறது என்றால் அங்கேயே தங்கிவிடுங்கள். இல்லாவிட்டால், வேலையை முழுவதுமாக முடித்து, லேப்டாப்பை மூடிய பிறகு அங்கே போங்கள்; அதுவும் குறைந்தது இரண்டு இரவாவது தங்க முடிந்தால் மட்டும்.