மேகத்துக்குள் பறக்கப் பழக எந்த நாடு? சென்னையிலிருந்து ஓர் ஒப்பீடு

வெளிநாட்டில் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் செய்ய விசாரிக்கும் சென்னை மாணவர்களும், அவர்களைவிட ஆர்வமாக அவர்களுடைய அப்பாக்களும் பள்ளிகளிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: விமானம் மணிக்கு எவ்வளவு? பதிலை ஒரு நோட்டில் நாடுவாரியாக எழுதி, மிகக் குறைந்த தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுகிறார்கள். அந்த வட்டம் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் விழுகிறது. எத்தனை வாரத்தில் முடியும், உண்மையான மேகம் கிடைக்குமா, திரும்பி வந்தால் இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. ஏற்குமா என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் மணிக்கட்டணத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தத் தகுதி, ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் நம்பி விமானத்தைக் கொண்டுபோய் இறக்குவதற்கானது. டி.ஜி.சி.ஏ. இதற்கு 40 மணி நேரக் கருவிப் பறப்பும், பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் பொறுப்பு விமானியாக, 50 மணி நேர கிராஸ் கன்ட்ரி (ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கான) பறப்பும் கேட்கிறது. சிமுலேட்டரில் கழிக்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ., கனடா, தென்னாப்பிரிக்கா எல்லாம் ஏறக்குறைய இதே எண்களைத்தான் வைத்திருக்கின்றன. எண்கள் ஒன்றாக இருப்பதால் படிப்பும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

அமெரிக்கா: இரண்டு வாசல்கள்

அமெரிக்காவில் பார்ட் 61, பார்ட் 141 என்று இரண்டு வழிகள். பார்ட் 61 தளர்வானது. ஒரு பயிற்சியாளரும் ஒரு விமானமும் இருந்தால் போதும்; உங்கள் வேகத்தில் படிக்கலாம். பார்ட் 141 பள்ளியின் பாடத்திட்டத்துக்கு எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் இருக்கும்; படிகள் கறாராக இருக்கும்; குறைந்தபட்சம் 40 மணிக்குப் பதில் 35 மணி போதும்.

சென்னையிலிருந்து போகிறவருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கையில் இல்லை. முழுநேரப் பயிற்சிக்கு எம்-1 விசா வேண்டும், அதற்குப் பள்ளி ஐ-20 படிவம் தர வேண்டும், அதைத் தருபவை பார்ட் 141 பள்ளிகள். சிறிய விமான நிலையத்தில் சொந்தமாக ஒரு செஸ்னா (சிறிய பயிற்சி விமானம்) வைத்துக்கொண்டு மலிவாகச் சொல்லித்தரும் நல்ல பயிற்சியாளர்கள் எத்தனையோ பேர் இருந்தாலும் அவர்களிடம் நாம் போக முடியாது. சுற்றுலா விசாவில் போய்ப் படித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எச்-1பி விசாவில் ஏற்கெனவே டல்லாஸிலோ சான் ஹோசேயிலோ வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களின் கதை வேறு. வேலையை விடாமல், வார இறுதிகளில், பார்ட் 61 முறையில் படிக்க அவர்களால் முடியும். உலகத்திலேயே சிக்கனமான ஐ.ஆர். அவர்களுக்குத்தான் வாய்க்கிறது என்பேன். அப்படி ஓர் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால், தம்பிக்குப் பள்ளி தேடிக் கொடுப்பதோடு நிற்காமல் தாங்களும் சேர்ந்துகொள்ளலாம். எந்த விசாவில் இருந்தாலும் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் ஐ.ஆர். பயிற்சி தொடங்குமுன் டி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல் பெற வேண்டும்; கைரேகையும் கட்டணமும் உண்டு.

அந்த 35 மணி நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. தனிநபர் விமானி லைசென்ஸ் முதல் தொழில்முறை விமானிக்கான கமர்ஷியல் லைசென்ஸ் வரை மொத்தமாக அங்கேயே படிப்பவருக்கு மற்றப் பாடங்களிலும் கொஞ்சம் கருவிப் பறப்பு சேரும்; கணக்கு 40-ஐத் தாண்டிவிடும். ஐ.ஆர். மட்டும் செய்துகொண்டு திரும்புகிறவர் 35-இல் தேர்வை முடித்துவிட்டு விமானம் ஏறினால், இங்கே டி.ஜி.சி.ஏ. கேட்கும் 40-க்கு ஐந்து மணி நேரம் குறையும். அந்த ஐந்து மணியை அங்கேயே பறந்துவிடுவது நல்லது.

பணத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு. செஸ்னா 172 பெட்ரோலோடு சேர்த்து மணிக்கு 180 டாலர், பயிற்சியாளர் 70 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விமானம் 40 மணிக்கு 7,200. தரைப் பாடத்தையும் சேர்த்துப் பயிற்சியாளர் 60 மணிக்கு 4,200. எழுத்துத் தேர்வுக்கு 175, செய்முறைத் தேர்வாளருக்கு 1,000. மொத்தம் 12,575 டாலர். இன்னொரு பள்ளி 150 டாலருக்கே விமானம் தருகிறது. 1,200 டாலர் மிச்சம். அங்கே தேர்வாளரின் தேதிக்காக இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்து, தங்குவதும் சாப்பிடுவதும் மாதம் 1,200 ஆனால், மிச்சம் பிடித்ததைப் போல இரு மடங்கு கைவிட்டுப் போகிறது. அமெரிக்காவில் தேர்வாளர் பற்றாக்குறை ஊரறிந்த விஷயம். எனவே பள்ளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கடைசியாக ஐ.ஆர். செய்முறைத் தேர்வு முடித்த மாணவர், பயிற்சி முடிந்தபின் எத்தனை நாள் காத்திருந்தார்?

இரண்டாவது கேள்வி மீட்டரைப் பற்றியது. ஹாப்ஸ் மீட்டர், இன்ஜின் ஓடும் நேரத்தைக் கடிகாரம்போல எண்ணும். டாக் மீட்டர் இன்ஜின் சுழற்சியைச் சார்ந்தது. தரையில் மெதுவாக ஊர்ந்துபோகும்போது குறைவாகவே ஏறும். பரபரப்பான விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு இருபது நிமிடம் வரிசையில் நிற்கும் பள்ளியில் ஹாப்ஸ் கணக்கு வைத்தால், விளம்பரத்தில் உள்ள கட்டணம் வெறும் அலங்காரம். பெட்ரோல் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி வானிலை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அரிசோனாவில் ஆண்டு முழுவதும் வெயில், ஒரு நாளும் வீணாகாது என்று பள்ளிகள் பெருமையாகச் சொல்லும். அடிப்படைப் பயிற்சிக்கு அது வரம். ஐ.ஆர். பயிற்சிக்கோ, தலையில் ஒரு மறைப்பை மாட்டிக்கொண்டு 40 மணி நேரமும் வெளியே பார்க்காத மாதிரி நடிக்க வேண்டியதுதான். சட்டப்படி அது போதும். ஆனால் மறைப்பின் ஓரத்தில் வெளிச்சம் கசியும், நிழல் நகரும், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுக்கும். மேகத்துக்குள் அந்தச் சலுகை கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் மீனம்பாக்கத்தைச் சுற்றி மேகம் எப்படித் தொங்கும் என்று தெரிந்த ஒருவர், அதற்குள் ஒரு முறைகூடப் போகாமல் தகுதிச் சான்று வாங்கி வருவதை என்னால் சிக்கனம் என்று சொல்ல முடியவில்லை.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது தெற்கு கலிபோர்னியாவின் கடற்கரை. மே, ஜூன் மாதங்களில் பசிபிக்கிலிருந்து தாழ்வான, தட்டையான மேகப் படலம் காலையில் வந்து மூடும். பெரும்பாலும் மதியத்துக்குள் கலையும். இடி இல்லை, இறக்கையில் பனி உறைவதில்லை, மேலே போனால் நீல வானம். பயிற்சிக்கு இதைவிட இதமான மேகம் இல்லை. வாடகை அதிகம் என்பது குறைதான். ஃபுளோரிடா மலிவு, பள்ளிகளும் அதிகம். கோடையில் மதியத்துக்குமேல் இடிமழை பறப்பை நிறுத்திவிடும், எனவே நவம்பர் முதல் ஏப்ரல் வரை போவது உசிதம். வாஷிங்டன் மாநிலத்தில் குளிர்கால மேகம் நிறைய, ஆனால் அதற்குள் இறக்கையில் பனி படியும். சிறிய விமானத்தோடு உள்ளே போகவே முடியாது.

செயற்கைக்கோள் வழிகாட்ட ஓடுபாதையை நோக்கி இறங்கும் எல்.பி.வி. முறைகளில் பழகவும் அமெரிக்காவே நல்ல இடம். சின்னச் சின்ன விமான நிலையங்களுக்குக்கூட அவை உண்டு. நம் நாட்டின் செயற்கைக்கோள் வழிகாட்டு அமைப்பான ககனும் இத்தகைய இறக்கத்துக்கு உதவுவதுதான். 2022-இல் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் அதை வைத்து விமானத்தை இறக்கிக் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவிலோ பிலிப்பைன்ஸிலோ இந்தப் பழக்கம் கிடைக்காது.

தென்னாப்பிரிக்கா

டாலருக்கு அஞ்சுகிறவர்களின் அடுத்த நிறுத்தம் இது. பள்ளி கட்டணத்தை அந்த நாட்டு நாணயமான ராண்டில் வாங்குகிறதா, டாலரில் வாங்குகிறதா என்று பாருங்கள். டாலரில் என்றால் இந்த நாட்டுக்குப் போவதற்கான முதல் காரணமே அடிபட்டுப்போகிறது.

ஜோகன்னஸ்பர்க் சுற்றுவட்டாரப் பள்ளிகள் உயர்ந்த மேட்டுநிலத்தில் இருக்கின்றன. லான்சேரியா கடல் மட்டத்துக்கு 4,500 அடிக்கு மேல். அங்கே மெல்லிய காற்றில் சிறிய இன்ஜின் திணறுவதைப் பார்ப்பதே ஒரு பாடம். குளிர்காலத்தில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். கோடையில் மதிய இடிமழை. கேப் டவுன் பக்கம் இதற்கு நேர்மாறு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் மழையும் மேகமும். ஐ.ஆர். செய்ய நான் சொல்வது கடற்கரை. டர்பனில் வெர்ஜினியா என்ற சிறிய விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் வாரிசுகள் வாழும் நகரம் அது என்பதால், மகனைத் தனியே அனுப்பத் தயங்கும் அம்மாக்களுக்குக் கொஞ்சம் தெம்பு. நகரப் பாதுகாப்பு பற்றிய எச்சரிக்கைகள் பொய்யில்லை. பள்ளியின் விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். வழியில் எத்தியோப்பியாவிலோ கென்யாவிலோ தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவைப்படும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம்.

பிலிப்பைன்ஸ், கனடா, ஐரோப்பா

பிலிப்பைன்ஸில் இந்திய மாணவர்கள் ஏராளம். ஆங்கிலம் போதும், மூன்று வேளையும் சோறு, நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் முந்தி. அம்மா அழைத்தால் தூக்கம் கெடாது. மொத்த கமர்ஷியல் படிப்புக்கு அது கவர்ச்சியாகத் தெரிவதில் வியப்பில்லை. ஐ.ஆர். மட்டும் என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் புயலும். அந்த மேகங்கள் கலிபோர்னியாவின் சாதுவான மேகங்கள் அல்ல. மாணவர் கூட்டம் அதிகமான பள்ளியில் ஒரு விமானத்துக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். பறக்கும் நிலையில் உள்ள விமானங்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். கொட்டகையில் இன்ஜின் கழற்றி நிற்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலானது.

விமான நிறுவன வேலையே குறி என்றால் கனடாவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அங்கே குரூப் 1 ஐ.ஆர். இரட்டை இன்ஜின் விமானத்தில் நடக்கிறது. நம் விமான நிறுவனங்கள் கேட்பதும் இரட்டை இன்ஜினோடு சேர்ந்த ஐ.ஆர்.தான். மற்ற நாடுகளில் ஒற்றை இன்ஜினில் முடித்துவிட்டுப் பிறகு தனியாகச் சேர்க்கும் செலவை, கனடாவில் தொடக்கத்திலேயே கணக்கில் காட்டிவிடுகிறார்கள். அதனால்தான் மொத்தத் தொகை பயமுறுத்துகிறது. 40 மணியில் 20 மணி வரை சிமுலேட்டரில் செய்யலாம் என்பதால் இரட்டை இன்ஜினின் கட்டணச் சுமை கொஞ்சம் தணியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்குப் படிப்பு அனுமதி தேவையில்லை, பார்வையாளர் விசா போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை போங்கள். குளிர்காலத்தில் மேகம் என்றாலே பனி உறைவு. நாள் கணக்கில் அறைக்குள் உட்கார்ந்திருக்க நேரிடும்.

ஐரோப்பாவில் சி.பி.ஐ.ஆர். என்ற நல்ல ஏற்பாடு உண்டு. முன்பு எடுத்த கருவிப் பயிற்சியில் 30 மணி வரை கழித்துக்கொள்வார்கள். ஆனால் ஐரோப்பிய லைசென்ஸும் மருத்துவச் சான்றும் வேண்டும், பெட்ரோலுக்கு வரி, இறங்கும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம். ஜெர்மனியில் வேலை பார்ப்பவருக்குச் சரி. சென்னையிலிருந்து இதற்காகவே போவது வீண்.

என் வரிசை இதுதான். ஐ.ஆர். மட்டும் வேண்டுபவருக்கு, குளிர்காலத்தில் ஃபுளோரிடா அல்லது கோடைத் தொடக்கத்தில் கலிபோர்னியா. அமெரிக்க விசா நேர்காணலுக்கு ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகும் என்றால், டர்பன். விமான நிறுவனத்துக்குப் போகிறவருக்குக் கனடா. பிலிப்பைன்ஸ் கடைசி, அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர் அங்கேயே முடிப்பதில் தவறில்லை.

பணம் கட்டும் முறைக்கும் ஒரு வார்த்தை. முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் திடீரென மூடப்பட்டபோது, கடன் வாங்கி முன்பணம் கட்டிய ஆயிரக்கணக்கான மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். பத்து மணி, பதினைந்து மணி என்று தவணையாகக் கட்டுங்கள். தள்ளுபடி போனால் போகட்டும். நுங்கம்பாக்கத்திலும் கோடம்பாக்கத்திலும் உள்ள முகவர்கள் காட்டும் ரசீதைவிட, பள்ளியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பிய சான்று மேலானது. ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம்.

இந்தியாவிலேயே செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இடம் இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகளுக்காக விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்த இடங்களில் சேலமும் ஒன்று. லைசென்ஸை மாற்றும் அலைச்சல் இல்லை. வெளிநாட்டில் படித்தவர், அந்த நாட்டு அதிகாரிகள் டி.ஜி.சி.ஏ.வுக்கு லைசென்ஸை உறுதிப்படுத்தி எழுதும்வரை காத்திருக்க வேண்டும். ஏர் ரெகுலேஷன்ஸ் (விமானப் போக்குவரத்து விதிகள்) உள்ளிட்ட தேர்வுகளை இங்கே எழுத வேண்டும். இந்திய ஐ.ஆர். ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் புதுப்பிப்பதும் இங்கேதான். ஆகவே புறப்படும் முன்பே அந்தத் தேர்வுகளை எழுதி முடித்துவிடுங்கள். அங்கே ஒவ்வொரு பறப்பும் முடிந்தவுடன் பயிற்சியாளரின் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும், பறந்த நேரத்தைப் பதியும் லாக் புத்தகத்தில் ஏறட்டும். உண்மை மேகத்தில் பறந்ததையும் மறைப்போடு பறந்ததையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். ஊர் திரும்பியபின் ஒரு கையெழுத்துக்காக ஃபுளோரிடாவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது எந்த நோட்டிலும் கணக்கு எழுதாத செலவு.