கீழ்காற்றில் காயும் கண்: எந்தச் சொட்டு மருந்து எதற்கு?

மார்கழி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கும். கோபாலபுரத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு பைக்கில் வந்து சேர்வதற்குள் கண்ணில் மணலை வாரிப் போட்டதுபோல உறுத்தும், அப்புறம் தண்ணீராகக் கொட்டும். “தண்ணிதான் இப்படி ஊத்துதே, இதைப் போயி கண்ணு காஞ்சு போச்சுங்கறியே?” என்று அத்தை கேட்டார்.

நியாயமான கேள்வி. கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீர் அல்ல. விழியை ஒட்டி வழவழப்பான மியூசின், அதோடு நீர், மேலே இமையோரச் சுரப்பிகள் விடும் மெல்லிய எண்ணெய். எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகி, படலம் அங்கங்கே கிழிந்துபோகும். நல்ல கண்ணில் ஒருமுறை இமைத்தபின் 10 நொடியாவது அது கிழியாமல் நிற்கும். உறுத்தல் பொறுக்காமல் கண் கொட்டும் நீரோ படலமாகத் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும்.

மருந்துக்கடையில் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் சிஎம்சி, அதாவது கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் என்கிற வழவழப்புப் பொருள் கலந்த சொட்டு. 0.5% சொட்டு தண்ணீராக இருக்கும், சுருக்க வழிந்துவிடும். 1% கெட்டி, நேரம் தாங்கும். ஆனால் விட்டதும் பார்வை மங்கும், அப்படியே வண்டி எடுக்கக் கூடாது. ஹயலுரோனேட் என்கிற இன்னொரு வழவழப்புப் பொருள் கலந்த சொட்டு இதைவிட ஒரு படி மேல் என்பேன். கண் திறந்திருக்கையில் கெட்டியாக நிற்கிறது, இமை மூடித் திறக்கும் வேகத்தில் இளகிக்கொடுக்கிறது. விலை கூடுதல்தான். பகலெல்லாம் கணினி பார்ப்பவருக்கு அந்தக் காசு தகும். மற்றவர்களுக்கு சிஎம்சியே போதும்.

இரண்டும் நீரைத்தான் தாங்கிப் பிடிக்கும். குறை எண்ணெயில் இருந்தால் பால்போல வெளுத்த எண்ணெய்ச் சொட்டு வேண்டும். விளக்கெண்ணெயோ கனிம எண்ணெயோ நீரில் நுண்துளிகளாகக் கலந்தது அது. மேலே பரவி ஆவியாவதைத் தடுக்கும். காற்றில் அலைகிறவர்களுக்கு, இமையோரம் தடித்துச் சிவந்தவர்களுக்கு, இதுதான் என் தேர்வு. வெதுவெதுப்பான துணி ஒத்தடமும் சேர்ந்தால் உறைந்த எண்ணெய் இளகி வரும்.

சிவப்பு போக்கும் நாஃபசோலின் சொட்டை இந்த வரிசையில் சேர்க்கவே மாட்டேன். ரத்தக் குழாயைச் சுருக்கி வெளுப்பாகக் காட்டும், அவ்வளவுதான். படலத்துக்கு ஒன்றும் செய்யாது. நாள்கணக்கில் விட்டால் சிவப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும்.

மருந்தின் பெயரைவிட நான் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியில் பென்சல்கோனியம் குளோரைடு என்று இருக்கிறதா என்பதை. கிருமி வளராமல் இருக்கச் சேர்ப்பது. ஆனால் அது சோப்பின் குணமுள்ளது, காக்க வேண்டிய எண்ணெய்ப் படலத்தையே கலைக்கும், மியூசின் சுரக்கும் செல்களையும் கெடுக்கும். நாளுக்கு 4 முறைக்கு மேல் விடுகிறவர் அது இல்லாததையே வாங்க வேண்டும்.

சொட்டெல்லாம் விட்டும் எரிச்சல் அடங்கவில்லையா? அது உள்ளே அழற்சியாக இருக்கலாம். அதை அடக்க சைக்ளோஸ்போரின் என்ற சொட்டு மருந்து உண்டு. பலன் தெரிய மாதங்கள் ஆகும், மருத்துவர் எழுதித்தான் தர வேண்டும்.

அத்தை ஒரே நேரத்தில் மூன்று சொட்டு விடுவார். கண்ணுக்குள் கொள்வது ஒரு சொட்டளவுதான், மிச்சம் வழிந்துவிடும். இப்போது ஒன்று விட்டு, கண்ணை மூடி, மூக்கோர மூலையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்கிறார். புட்டியும் கூடுதல் நாள் வருகிறது.