ஆர்க், சி.ஓ.டூ, ஆர்கான்: முதலில் எதைப் பழகலாம்?

வெல்டிங் கற்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்பதைத்தான். தோட்டத்து கேட், மோட்டார் ஸ்டாண்ட், டிரெய்லர் பழுது என்று எனக்கு இருந்த வேலைகளுக்கு 200 ஆம்பியர் இன்வர்ட்டர் ஆர்க் மெஷின் வாங்கினேன். பூச்சு உள்ள ராடைக் கையில் பிடித்து மின்பொறியால் உருக்குவதுதான் ஆர்க். அப்புறம் நண்பர் ஒருவரின் பட்டறையில் சி.ஓ.டூ மெஷினிலும் நன்றாகவே பழகிவிட்டேன். அதில் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும், சிலிண்டர் வாயு வெல்டைச் சூழ்ந்து காக்கும். இரண்டையும் பிடித்துப் பார்த்த பிறகும் என் முடிவு மாறவில்லை. புதிதாகக் கற்பவர் ஆர்க்கில்தான் தொடங்க வேண்டும்.

விலை, வசதி எல்லாம் தெரிந்த கதைதான். ஆர்க் மெஷின் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும், தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், சிலிண்டர் தேவையில்லை. சி.ஓ.டூவுக்கு சிலிண்டர், ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர், கம்பிச் சுருள், அவ்வப்போது மாற்ற டிப், லைனர் என்று பின்தொடரும் செலவு உண்டு. வெட்டவெளியில் கொஞ்சம் காற்றடித்தாலும் வாயு கலைந்து பீடு, அதாவது வெல்டு படிந்த வரி, முழுக்க ஓட்டை விழும். ஆனால் ராடின் பூச்சு உருகி மேலே படியும் ஸ்லாக்கைத் தட்டும் வேலை இல்லை, ராடு மாற்ற நிறுத்த வேண்டாம், கை சீக்கிரம் படிந்துவிடும். பழக ஆரம்பித்த அன்றே பார்க்க அழகான பீடு வந்துவிடும். எனக்குக் கவலையே இந்த அழகில்தான்.

வெல்டின் பலம் மேலே தெரிகிற பீடில் இல்லை. அடித்தகடு வேர் வரை, அதாவது இரண்டு தகடும் சேரும் அடிமூலை வரை, உருகி ராடோடு கலந்ததா என்பதில் இருக்கிறது. சிறிய சி.ஓ.டூ மெஷின்களில் 0.8 மி.மீ. கம்பி தகட்டைத் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு தொடலிலும் ஷார்ட் ஆகி உருகி விழுகிறது. சூடு குறைவு. மெல்லிய தகட்டுக்கு அதுவே வரம், ஓட்டை விழாது. தடித்த தகட்டில் அதுவே ஆபத்து. தகடு உருகினாலும் உருகாவிட்டாலும் கம்பி வந்துகொண்டே இருக்கும், பீடும் வரிசையாக அமைந்துகொண்டே போகும். கீழே ஒட்டாமல் மேலே படிந்து நிற்கும் அந்த பீடைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம்.

ஆர்க்கில் தவறு அவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்ளாது. ஆம்பியர் குறைந்தால் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும், பீடு கயிறு மாதிரி மேடாக நிற்கும். கூடினால் ராடு சிவந்து போகும், ஓரத்தில் அண்டர்கட் எனும் பள்ளம் விழும். ஆர்க்கின் நீளம் கூடினால் சத்தமே மாறி, தெறிப்பு அதிகமாகும். கை செய்கிற ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் வருகிறது. ஆர்க்குக்கு என்று தனி நோயும் உண்டு. ஸ்லாக் உள்ளே சிக்கிக்கொள்வது, முக்கியமாக ராடு மாற்றித் தொடங்கும் இடத்தில். அதுவும் உடைத்துப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடித் துணுக்காகத் தெரிந்துவிடும்.

இந்த உடைத்துப் பார்க்கும் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன். செலவே இல்லை. 6 மி.மீ. ஃபிளாட் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றைப் படுக்கவைத்து மற்றதை அதன் மேல் செங்குத்தாக நிறுத்தி டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டு) வையுங்கள். பத்து கேஜ் ராடு, அதாவது 3.15 மி.மீ., 110 முதல் 120 ஆம்பியர் வரை. ஒரு பக்கம் மட்டும் வெல்டு போடுங்கள். நடுவில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். ஆறிய பிறகு கீழ்த்தகட்டை வைஸில் பிடித்து, நிற்கும் தகட்டை வெல்டு இருக்கும் பக்கமாகச் சம்மட்டியால் அடித்துச் சாயுங்கள். அப்போதுதான் இழுவிசை வேரில் விழும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் வேர் இறுகிக்கொள்ளும், குறை வெளியே வராது.

நல்ல வெல்டு என்றால் தகடு மடங்கும், உடையாது. உடைந்தாலும் முறிந்த முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். ஒட்டாத சி.ஓ.டூ வெல்டோ ஒரு பக்கம் அப்படியே உரிந்து வரும். தகட்டைச் சுத்தம் செய்தபோது கிரைண்டர் போட்ட கோடுகள் அந்த இடத்தில் அழியாமல் இருக்கும். அந்தக் கோடுகளைப் பார்த்தால் அங்கே இரும்பு உருகவே இல்லை என்று அர்த்தம். மேலே இருந்ததோ கண்காட்சிக்கு வைக்கக்கூடிய பீடு.

இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. பாய்லர், அழுத்தக் கலன் வேலைக்கான அமெரிக்க விதித் தொகுப்பான ஆஸ்மி ஒன்பதாம் பிரிவில், வெல்டருக்குத் தேர்வு வைக்கும்போது வளைப்புச் சோதனைக்குப் பதிலாக எக்ஸ்ரே எடுத்துக் காட்டலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஷார்ட் ஆகிற முறையில் போடும் சி.ஓ.டூ வெல்டுக்கு அந்தச் சலுகை கிடையாது, வளைத்துத்தான் காட்ட வேண்டும். ஒட்டாமல் நிற்கும் இடைவெளி காகிதம் போல மெல்லியது. கதிர் அதற்கு நேர்கோட்டில் போனால் தவிர எக்ஸ்ரேயில் பதியாது. கட்டுமான வெல்டிங்குக்கான ஏ.டபிள்யூ.எஸ். டி1.1 விதியும், முன்சோதனை இல்லாமலே ஏற்கப்படும் முறைகளின் பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை.

வளைப்புச் சோதனையை ஹைட்ராலிக் ஜாக் இருந்தால் பட்டறையிலேயே செய்யலாம். 10 மி.மீ. தகட்டில் வி வடிவப் பள்ளம் எடுத்து நிரப்பி, 38 மி.மீ. அகலப் பட்டைகளாக அறுத்து, பீடை மட்டமாகத் தேய்த்து, 40 மி.மீ. விட்டமுள்ள உருளையால் அழுத்தி யு வடிவத்துக்கு வளைக்க வேண்டும். வேர்ப்பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு பட்டை, முகப்பு வெளியே இருக்கும்படி இன்னொன்று. வெளிவளைவில் 3 மி.மீ.க்கு மேல் பிளவு திறந்தால் தேறவில்லை. சிவப்புச் சாயம் அடித்து வெள்ளை டெவலப்பர் தெளிக்கும் டிபி டெஸ்ட் மேற்பரப்பில் திறந்திருக்கும் விரிசலை மட்டும்தான் காட்டும், உள்ளே ஒட்டியதா என்று சொல்லாது.

சரி, ஒழுங்காகப் போட்ட வெல்டு எவ்வளவுதான் தாங்கும்? இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2062-வில் வரும் சாதாரண இரும்பின் இழுவலிமை சதுர மி.மீ.க்கு 410 நியூட்டன். 6013 என்ற சாதாரண வகை ராடின் உலோகமும் அதற்குக் குறைந்ததில்லை. 6 மி.மீ. அளவுள்ள ஃபில்லட்டில், அதாவது மூலை வெல்டில், வேரிலிருந்து முகப்பு வரை உள்ள தடிமன் சுமார் 4.2 மி.மீ. இரும்புக் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 800 கணக்குப்படி, பட்டறையில் போட்ட வெல்டுக்கு 1.25 பாதுகாப்புக் காரணி வைத்தால், 50 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 4 டன் வருகிறது. அதையே சைட்டில் போட்டால் காரணி 1.5, கணக்கு 3.3 டன்னுக்கு இறங்கிவிடும். இரண்டு அங்குல வெல்டு இவ்வளவு தாங்குமா என்று ஆச்சரியமாக இருக்கும். வேர் வரை ஒட்டியிருந்தால்தான் இந்தக் கணக்கு. இல்லாவிட்டால் நான்கு அங்குலம் போட்டும் பயனில்லை.

ராடிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பழகுவதற்கு 6013 போதும், எளிதில் பற்றும், ஏசியிலும் ஓடும். பாரம் ஏறும் இடத்துக்கு 7018 நல்லது, விரிசல் விடாத உலோகம் தரும். ஆனால் ஈரம் அதற்கு எதிரி. பாக்கெட் பிரித்த பிறகு 120 டிகிரிக்கு மேல் சூடாக உள்ள ஓவனில் வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கொட்டகையில் திறந்து போட்ட 7018 தன் முக்கியமான குணத்தையே இழந்துவிடும். ஓவன் இல்லையென்றால் அன்றைக்கு வேண்டியதற்கு மட்டும் சிறிய பாக்கெட் வாங்குங்கள்.

ஆர்கான் வெல்டிங்கில் என் பழக்கம் எஸ்.எஸ். கைப்பிடி அளவோடு சரி, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். உருகும் குளத்தைத் தெளிவாகப் பார்க்க அதைவிட நல்ல முறை இல்லை. பாய்லர் குழாய்களில் முதல் பாஸை (அடுக்கை) ஆர்கானிலும் மேல் பாஸ்களை ஆர்க்கிலும் போடுவது வழக்கமே. ஆனால் ஒரு கையில் டார்ச், மறுகையில் கம்பி என்று இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், துருவையும் எண்ணெயையும் கொஞ்சமும் பொறுக்காது, வேகம் மிகக் குறைவு. பழைய இரும்பைப் பழுது பார்ப்பவருக்கு இது முதல் மெஷினாக இருக்க முடியாது.

சி.ஓ.டூவை ஒதுக்கச் சொல்லவில்லை. 1.6 மி.மீ. சதுரக் குழாயில் நாள் முழுக்க கிரில், பீரோ செய்கிறவர் ஆர்க்கோடு மல்லுக்கட்டத் தேவையே இல்லை. பெரிய தொழிற்சாலைகளில் 1.2 மி.மீ. கம்பியும் ஆர்கான் கலந்த வாயுவும் வைத்து 250 ஆம்பியரில் ஓட்டுவது வேறு தரம், நான் சொன்ன குறை அதற்குப் பொருந்தாது. சிறிய மெஷினில் தடித்த வேலை செய்தே ஆக வேண்டுமென்றால், அதே தடிமன், அதே செட்டிங்கில் ஒரு துண்டை முதலில் போட்டு, அன்றே உடைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடுங்கள். ஊஞ்சல் கொக்கி, டிரெய்லர் கொக்கி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் என்று ஆள் மேலே விழக்கூடிய எதற்கும் நான் இன்னும் ஆர்க் ஹோல்டரைத்தான் எடுக்கிறேன்.