ஏழு வருடம், ஒரே கடிகாரம், மூன்று தீர்ப்பு

போன வாரம்தான் சர்வீஸ் முடிந்து கடிகாரம் கைக்கு வந்தது. கட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை, நண்பன் கூப்பிட்டான். "டேய், நீ இன்னும் அந்த கிராண்ட் சீக்கோவைத்தான் கட்டிட்டிருக்கியா? நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருந்தேன். ஆனா கடிகார விமர்சன வீடியோவுல எல்லாரும் அந்த பிராண்டுக்கு மவுசு போயிடுச்சுன்னு சொல்றாங்களே. வாங்கலாமா, வேணாமா?"

போனில் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எரிந்து விழுந்துவிட்டேன். அவன்மேல் தப்பில்லை, கேள்வி என் பழைய காயத்தில் பட்டுவிட்டது. அதனால் அவனுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கிராண்ட் சீக்கோ என்பது ஜப்பானின் சீக்கோ நிறுவனத்து உயர்ரகக் கடிகாரங்களின் பெயர். என்னிடம் இருப்பது அதில் எஸ்பிஜிஏ211 என்ற மாடல். 'ஸ்னோஃப்ளேக்' என்றால் சட்டென்று தெரியும். 2018இல் வாங்கினேன். அளவும் எடையும் எத்தனை மீட்டர் தண்ணீர் தாங்கும் என்பதும் தேடினால் கிடைத்துவிடும். நான் சொல்ல வந்தது வேறு. இந்த ஏழு வருடத்தில் என் மணிக்கட்டில் இருந்த கடிகாரத்தில் ஒரு திருகுகூட மாறவில்லை. அதைப் பற்றிய பேச்சு மட்டும் மூன்று முறை தலைகீழாக மாறியது.

நான் வாங்கிய சமயத்தில் பாதிப் பேர் "சீக்கோவுக்கா இவ்வளவு கொடுத்தே?" என்றார்கள். அதற்கு ஒரு வருடம் முன்புதான், 2017இல், கிராண்ட் சீக்கோ தனி பிராண்டாகப் பிரிந்திருந்தது. அதுவரை டயலில் 12 மணிக்குக் கீழே 'சீக்கோ' என்றிருக்கும், கிராண்ட் சீக்கோ என்ற பெயர் கீழே 6 மணிப் பக்கம் இருக்கும். 2017இல் சீக்கோவை எடுத்துவிட்டு கிராண்ட் சீக்கோவை மேலே ஏற்றினார்கள். ஸ்னோஃப்ளேக்கின் எண்ணும் 011 போய் 211 ஆனது. அதே டயல், அதே இயந்திரம். எழுத்து இடம் மாறியதும், அதுவரை திரும்பிப் பார்க்காதவர்கள்கூட "இப்போதுதான் இது முழுமையான லக்ஷுரி கடிகாரம்" என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். நான் வாங்கியதை நாலு பேர் மெச்சினால் யாருக்குத்தான் பிடிக்காது?

அடுத்த மூன்று நான்கு வருடம் கொண்டாட்டம்தான். முள்ளின் ஓரத்தை மேக்ரோ லென்ஸில் எடுத்துப் போடாதவர் இல்லை. உலோகத்தைக் கண்ணாடி போல மின்ன வைக்கும் ஜராட்சு பாலிஷ் என்ற சொல்லைத் தெரியாதவர் இல்லை. (அது ஜப்பானியச் சொல்கூட இல்லை. சல்லாஸ் என்ற பழைய பாலிஷ் இயந்திரத்தின் பெயர் ஜப்பானிய நாக்கில் அப்படி ஆனது.) 2021இல் ஜெனீவாவில் நடக்கும் ஜிபிஹெச்ஜி என்ற கடிகார விருது விழாவில் இவர்களது 'ஒயிட் பர்ச்' மாடல் ஆண்கள் கடிகாரப் பரிசை வாங்கியது. மறு வருடம் அதே மேடையில் இவர்களது 'கோடோ' மாடல் துல்லியத்துக்கான பரிசை எடுத்தது. சுவிஸ்காரர்கள் இனி பயப்பட வேண்டும் என்றுகூடப் பேசினார்கள்.

பிறகு காற்று திரும்பியது. டயல் அதிகமாகிவிட்டதாம், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர் வைத்து ஒரு நிறம் விடுகிறார்களாம். தடிமன் அதிகமாம். பட்டையின் கொக்கி சரியில்லையாம். விற்கப் போனால் போட்ட பணம் வராதாம். இதையெல்லாம் சொன்னவர்களில் ஒருவர், பெயர் வேண்டாம், அதற்குச் சில வருடம் முன்பு "இனி எனக்கு வேறு கடிகாரமே தேவையில்லை" என்று சொல்லித்தான் என்னை வாங்கத் தூண்டியவர். கருத்து மாறலாம், தப்பில்லை. ஏன் மாறியது என்று ஒரு வாக்கியமாவது சொல்லியிருக்கலாம் இல்லையா?

இப்போது எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன், கோபம் முழுப் பக்கத்தையும் தின்றுவிடும் போலிருக்கிறது.

நொடிமுள். இந்தக் கடிகாரத்தில் எனக்கு அதுதான் எல்லாம். பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் நொடிமுள் நொடிக்கு ஒரு தடவை குதிக்கும். நல்ல மெக்கானிக்கல் கடிகாரம் என்றால் பெரும்பாலும் நொடிக்கு எட்டு சின்ன அடி வைக்கும், தூரத்திலிருந்து ஓடுவது போலத் தெரியும், உற்றுப் பார்த்தால் நடுக்கம் தெரிந்துவிடும். இதில் அந்த அடிகளும் இல்லை, நடுக்கமும் இல்லை. தம்புரா சுருதி மாதிரி. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பிரிக்க முடியாது.

காரணம் ஸ்பிரிங் டிரைவ். உள்ளே பேட்டரி கிடையாது. எல்லா மெக்கானிக்கல் கடிகாரத்தையும் போல சுருள்வில்தான் சக்கரங்களை ஓட்டுகிறது. ஆனால் வழக்கமாக அந்த ஓட்டத்தைத் தடுத்துத் தடுத்து விடுகிற, டிக் டிக் என்று சத்தம் போடுகிற பாகமே இதில் இல்லை. அதன் இடத்தில் நொடிக்கு எட்டு சுற்று சுற்றும் ஒரு சின்னச் சக்கரம். அது சுற்றுவதிலேயே துளி மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தில் நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம் உயிர் பெறுகிறது. சக்கரம் வேகம் எடுக்கப் பார்த்தால் படிகம் கணக்குப் பார்த்து காந்தத்தால் பிரேக் போடுகிறது. தொடாமல் பிடிக்கும் பிரேக், அதனால்தான் முள் நிற்காமல் போகிறது. யோஷிகாசு அகஹானே என்ற பொறியாளர் மனதில் இது உதித்தது 1977இல். விற்பனைக்கு வந்தது 1999இல். இடையில் இருபத்திரண்டு வருடம். ஒரு பொருளின் பின்னால் இருபத்திரண்டு வருடம் நின்ற மனிதர்களை நினைக்கும்போது, பத்து நிமிட வீடியோவில் அதை ஓரங்கட்டுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

மாதத்துக்குக் கூடவோ குறையவோ 15 நொடிக்குள் என்பது நிறுவனத்தின் கணக்கு. என்னுடையது அதைவிட ஒழுங்கு. போன தடவை முழுசாக ஒரு மாதம் பார்த்தேன், நாலு நொடி முந்தியிருந்தது.

டயலைப் பற்றியும் ஒன்று. வெள்ளை டயல் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதில் வெள்ளைப் பூச்சே கிடையாது. வரிவரியாக மேடு பள்ளம் வைத்து, மேலே வெள்ளி முலாம் போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் வெள்ளையாகக் காட்டுகிறார்கள். ஜப்பானின் நாகானோவில், ஷியோஜிரியில் இருக்கும் அவர்களது பட்டறையின் சுற்றுப்புறப் பனியைப் பார்த்துச் செய்தது. உச்சி வெயிலில் அந்த மேடு பள்ளம் காணாமல் போய்விடும். காலையில் ஜன்னல் பக்கம் சாய்வாகப் பிடித்தால், கையால் தடவி மெழுகிய சுண்ணாம்புச் சுவர் மாதிரி எழுந்து வரும். அதன்மேல், தீயில் வாட்டி நீலம் ஏற்றிய அந்த ஒரே ஒரு முள். டயலில் வேறு நிறமே இல்லை. ஏழு வருடம் ஆகியும் காலையில் கட்டுவதற்கு முன்னால் ஒரு சுற்று, முழுசாக ஒரு நிமிடம், நின்று பார்க்கிறேன்.

இவ்வளவு பிடித்தும் நடுவில் பதினொரு மாதம் இது மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. அதைத்தான் காயம் என்றேன். தடிமன், தடிமன் என்று கேட்டுக் கேட்டு ஒரு நாள் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். 12.5 மில்லிமீட்டர். முதல் நாளிலிருந்தே அதே 12.5தான். ஐந்து வருடம் ஒரு தடவைகூடக் கையில் உறுத்தாதது, அன்று முதல் உறுத்த ஆரம்பித்தது. சாவி இன்னும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பவர் ரிசர்வ் முள் டயலைக் கெடுக்கிறது என்று யாரோ சொன்னார், அதற்கப்புறம் அந்த விசிறி வடிவம் மட்டும்தான் கண்ணில் பட்டது. விற்பதற்குப் படம்கூட எடுத்தேன். படம் எடுக்கத்தான் மறுபடி சாவி கொடுத்தேன். முள் நகர்ந்தது. விற்கவில்லை.

அந்தப் பதினொரு மாதம் எனக்குத் திரும்பி வராது. அதை யார் கணக்கில் எழுதுவது?

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த விமர்சகர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. பல வருடம் இந்த பிராண்டின் உலோகப் பட்டைகளில், போட்டியாளர்கள் தருவது போலக் கொக்கியிலேயே துளி நீட்டிச் சுருக்கும் வசதி இல்லை. வெயிலில் மணிக்கட்டு வீங்கும், குளிரில் சுருங்கும். இந்த ரகத்தில் அந்த வசதியை எதிர்பார்ப்பது நியாயம்தான். நான் முதல் மாதத்திலேயே தோல் பட்டைக்கு மாறிவிட்டதால் எனக்கு அது பிரச்சினையாக வரவில்லை, அவ்வளவுதான். விடாமல் குரல் கொடுத்தவர்களுக்கு 2025இல் பதிலும் கிடைத்தது. வருடத்துக்கே 20 நொடிக்குள் என்று அறிவித்து வந்த, யுஎஃப்ஏ என்ற புதிய வகை ஸ்பிரிங் டிரைவ், 37 மில்லிமீட்டர் டைட்டானியம் கூட்டில், சரிசெய்யும் கொக்கியோடு வந்தது. முன்பு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இப்போது அதை வானளாவப் புகழ்கிறார்கள். மூன்றாவது திருப்பம் இது. நல்ல கடிகாரம்தான், புகழட்டும். இன்னொன்றும் அவர்கள் பக்கம் நின்று பார்க்கிறேன்: விமர்சகர்களில் பலருக்கு ஒரு கடிகாரம் ஒரு வாரமோ பத்து நாளோதான் கையில் இருக்கும். அதற்குள் கண்ணில் படுவது கொக்கியும் தடிமனும்தான். சாய்ந்த வெளிச்சம் எப்போது விழும் என்று காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை.

சர்வீஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெருமுனைக் கடையில் கொடுத்துச் செய்யக்கூடிய இயந்திரம் இல்லை, ஸ்பிரிங் டிரைவ் தெரிந்த அவர்களது ஆட்களிடம்தான் போக வேண்டும். வாங்க நினைக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 4 மணிப் பக்கம் பட்டை சேரும் இடத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. இரும்புக் கதவில் நான் இடித்தது. பாலிஷ் போடவா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். அந்த ஓரத்தை விரல் நுனியால் தடவினால் கூடு எவ்வளவு கூர்மையாக வெட்டப்பட்டிருக்கிறது என்பது நன்றாகத் தெரிகிறது, பளபளப்பு இருந்த காலத்தில் அதை நான் கவனித்ததே இல்லை.

கடிகாரம் இல்லாத அந்த வாரங்களில் பழைய குவார்ட்ஸ் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேரம் சரியாகக் காட்டியது. ஆனால் ஒவ்வொரு நொடியும் யாரோ தட்டித் தட்டி எண்ணுவது மாதிரி இருந்தது.

சரி, நண்பா, உன் கேள்விக்கு வருகிறேன். வாங்காதே.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்று கேட்பாய். நீ போனில் என்னிடம் நாலு விஷயம் கேட்டாய். இப்போது மவுசு இருக்கிறதா, விற்றால் என்ன கிடைக்கும், யுஎஃப்ஏ வந்த பிறகு ஸ்னோஃப்ளேக் பழசாகிவிட்டதா, அந்த வீடியோக்காரர் சொல்வது சரியா. முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த மனநிலையில் நீ வாங்கினால் அடுத்த திருப்பத்தில் இது உன் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அதை என்னால் பார்க்க முடியாது, நிஜமாகவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. வெயில் ஏறுவதற்குள் வந்துவிடு. கழற்றித் தருகிறேன், ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார். பார்த்து முடிக்கும்வரை நான் எதுவும் பேச மாட்டேன்.